மூன்றாம் பாகம் காகிதத்தில் வந்தது

1984இல் வந்த ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ படத்தை நான் ஒருநாளும் பேய்ப்படமாகப் பார்த்ததில்லை. பல்கலைக்கழகம் விரட்டிவிட்ட மூன்று பேர், வீட்டை அடமானம் வைத்து, நியூயார்க்கில் ஒரு பழைய தீயணைப்பு நிலையத்தில் கடை திறக்கிறார்கள். பேய் பிடிப்பது தொழில். நான்காமவர் வின்ஸ்டன், சம்பளம் வந்தால் எதையும் நம்பத் தயார் என்று சேர்கிறவர். எனக்குப் பிடித்தவர் அவர்தான்.

1989இல் இரண்டாம் பாகம். மூன்றாவதற்காகப் படத்தில் நடித்த டான் ஐக்ராய்ட் வருடக்கணக்கில் அலைந்தார்; சக நடிகர் பில் மர்ரே பிடிகொடுக்கவில்லை. அந்த நீண்ட இடைவெளியில் படக்கதைதான் இந்தப் பேய்பிடிப்பவர்களுக்குச் சோறு போட்டது. 1988இலேயே படத்திலிருந்து பிறந்த டிவி கார்ட்டூனை ஒட்டி அமெரிக்காவில் நௌ காமிக்ஸும், பிரிட்டனில் மார்வெலும் இதழ்கள் கொண்டுவந்தன. அவை சிறுவர்களுக்கானவை. பிறகு சில்லறை முயற்சிகள் சில.

2011இல் ஐடிடபிள்யூ பதிப்பகம் தொடங்கிய மாதத் தொடர்தான் சங்கதி. எழுத்து எரிக் பர்ன்ஹாம், ஓவியம் டான் ஷோனிங். நடிகர்களின் முகத்தை ஷோனிங் நகலெடுக்கவில்லை; உடல்மொழியைப் பிடித்தார். மர்ரேயின் நகைச்சுவை பாதி மௌனத்தில் இருக்கிறது. தாளில் மௌனத்தை எப்படிக் காட்டுவது? வசனமே இல்லாத ஒரு கட்டம், அதில் சலித்த ஒரு பார்வை, அடுத்த கட்டத்தில் நக்கல். பேஷ்!

படத்தில் ஓரமாய் நின்ற வின்ஸ்டனுக்கு இங்கே காதலும் சொந்த வாழ்க்கையும் கிடைத்தன. 2015இல் ‘கெட் ரியல்’ தொடரில் பட நால்வரும் கார்ட்டூன் நால்வரும் நேருக்கு நேர் சந்தித்தார்கள். எந்தத் தயாரிப்பாளர் இதற்குப் பணம் போடுவார்?