வாகன பேட்டரி சார்ஜர்

வீட்டு 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தை நேர்திசையாக்கி வண்டி பேட்டரியில் ஏற்றும் கருவி. பேட்டரி நிறைந்ததும் மின்னழுத்தத்தைத் தானே தணித்து, நிற்கும் வண்டியின் பேட்டரியைக் காத்துவரும் வகை மெயின்டெய்னர் எனப்படும்.

ஈய-அமில பேட்டரியை 1859இல் பிரான்சின் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கினார். தமிழகத்தில் இத்துறை ஆய்வுக்குப் பெயர்பெற்றது காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம். 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு. மின் இறங்கியபடியே கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்படும். நிற்கும் வண்டிகளின் பேட்டரி வீணாக இதுவே முதற்காரணம்.

தேர்வில் முதலில் பார்க்கவேண்டியது ஆம்பியர். பேட்டரித் திறனில் பத்தில் ஒரு பங்கு போதும்: 35 ஆம்பியர்-மணி காருக்கு 3.5 ஆம்பியர், 5 ஆம்பியர்-மணி பைக்குக்கு அரை ஆம்பியர். கார் சார்ஜரை பைக்கில் மாட்டுவது பேட்டரியைக் கெடுக்கும். ஈய-அமில வகைக்கு ஏற்றும்போது சுமார் 14.4, காக்கும்போது சுமார் 13.5 வோல்ட் வேண்டும். லித்தியம் பேட்டரிக்கு அதற்கென உள்ள சார்ஜரே ஆகும்.

ஏற்காட்டை அடுத்த வெள்ளக்கடை போன்ற சேர்வராயன் மலையூர்களில் குளிர் வேதிவினையை மந்தமாக்குகிறது. 25 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.02 வோல்ட் கூட்டித்தர வேண்டியிருப்பதால், வெப்பநிலைக்கேற்பத் தானே திருத்திக்கொள்ளும் கருவியே தோட்ட ஜீப்புக்கு ஏற்றது.

மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வெளியேறும். காற்றோட்டமான இடத்தில், கிளிப்புகளை மாட்டிய பின்னரே சுவிட்சைப் போட வேண்டும்.