நாலு மணி நேரம்

கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 2,600 கிலோமீட்டர். விமானத்தில் நாலு மணி நேரம். காலை பத்து மணிக்குக் கிளம்பினால் சென்னைக் கடிகாரத்தில் பதினொன்றரைக்கு இறங்கிவிடலாம். திரும்பி வரும்போது அதே நாலு மணி நேரம் ஆறரை மணி நேரமாகத் தெரியும். இரண்டரை மணி நேர வித்தியாசம்தான் காரணம். அதிலும் அரை மணி புதுசு. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்பத்தின் கடிகாரத்தை சபா, சரவாக்கோடு சேர்த்து அரை மணி முன்னால் தள்ளினார்கள். அதற்கு முன்பு இரண்டு மணிதான்.

இதை ஜெஞ்சாரோம் வீட்டில் பாட்டியிடம் விளக்கியபோது, "நாங்க வந்தப்ப கடியாரம் யாருகிட்ட இருந்துச்சு, நாளைத்தான் எண்ணினோம்" என்றார்.

பாட்டி 1951இல் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' ஏறினார், பதினேழு வயதில், புதுப்பெண்ணாக. 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல் அது. சென்னை, நாகை, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் ஓடியது. தொடக்கத்தில் 5,000க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற உரிமம் இருந்ததாம். கப்பலின் நீளத்தைப் பார்த்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது. வேகம் மணிக்கு 12 கடல்மைல் என்று வைத்துக்கொண்டால் 22 கிலோமீட்டர். நிற்காமல் வந்தாலே ஐந்து நாள். துறைமுகங்களில் நின்று, சாமான் ஏற்றி இறக்கி வர, ஒரு வாரம்.

ஆனால் பொறியாளர் கணக்கு இங்கே உதவாது. அவர்களுக்குத் தூரத்தை நிர்ணயித்தது கப்பலின் வேகமா? 1907இல் தொடங்கிய குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் வசூலித்த பணத்தில் தொழிலாளிக்கு இலவசமாகப் பயணம் கொடுத்தது. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்ததும் பல்லாயிரம் பேரைத் திருப்பி அனுப்பிய செலவையும் அதே நிதிதான் பார்த்தது. ஆள் வேண்டுமென்றால் கடல் சுருங்கும், வேண்டாமென்றாலும் சுருங்கும். தொழிலாளி தானாகப் போக நினைத்தால்தான் அது விரிந்து கிடக்கும்.

1970இல் பாட்டியின் அம்மா இறந்த தந்தி வந்தது. சுபாங் விமான நிலையம் திறந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. லயத்தில் விமான டிக்கெட் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பணம் மட்டும் பிரச்சினையில்லை. பாட்டியிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற சட்டம் அப்போதுதான் கெடுபிடியாகியிருந்தது. பெர்மிட் கிடைக்காமல் பல்லாயிரம் தமிழர்கள் மூட்டை கட்டிக் கப்பலேறிய நேரம் அது. சிவப்பு அட்டைக்காரர் வெளியே போனால் திரும்பி வரவும் தனி அனுமதி வேண்டும். "போனா வர விடுவானா? புள்ளைங்க இங்க இருக்கே." பாட்டி போகவில்லை. தோட்டத்துக் கிணற்றடியில் தலைமுழுகிவிட்டு மறுநாள் விடியற்காலை பால்மரம் சீவப் போனார்.

ரஜூலா 1970களின் முற்பாதியில் ஓய்ந்தது. அதற்குப் பின் வந்த 'சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. அதோடு கப்பல் வழி போச்சு. பாட்டிக்கு நீல அட்டை கிடைத்தபோது போய்ப் பார்க்க அங்கே யாரும் மிச்சமில்லை.

2019இல் நான் முதல்முறையாகச் சென்னையில் இறங்கி அவருக்குப் போன் போட்டேன். காலையில் வீட்டில் என்னோடு உட்கார்ந்து பசியாறியவர்.

"எத்தன மணிக்குய்யா எறங்குன?"

"பதினொன்றரைக்குப் பாட்டி."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "எந்த ஊரு கடியாரத்துல?" என்றார்.