மலிவும் பயனும்: நுகர்வுப் பொருளியற் கல்வியின் வரலாறு

ஒரு பொருளின் விலை வேறு. அதன் பெறுமதி வேறு. இவ்வேறுபாட்டை ஆராயுந் துறைகளுள் ஒன்று நுகர்வுப் பொருளியல். ஒரு குடும்பம் தன் சிறு வருவாயையும் காலத்தையும் எவ்வாறு செலவிட்டால் மிகுந்த பயனைப் பெறும் என்பதே அதன் தலையாய வினா. இவ்வினாவைக் கற்பிக்கும் கல்வி, சிறு வருவாயினர்க்கும் எட்டுவதாய் இருத்தல் வேண்டுமன்றோ? அமெரிக்க ஐக்கிய நாட்டில் இத்துறை வளர்ந்த வரலாற்றை நோக்குமிடத்து, அக்கல்வி மலிந்த வகையும், அம்மலிவின் சுமையைத் தாங்கினோர் யாவர் என்பதும் ஒருங்கே புலனாகும்.

1862 ஆம் ஆண்டு யூலை மாதம் 2 ஆந் திகதி ஜனாதிபதி ஆபிரகாம் இலிங்கன் மொறில் சட்டத்தில் ஒப்பமிட்டார். காங்கிரசில் ஒரு மாநிலத்துக்குள்ள ஒவ்வோர் உறுப்பினர்க்கும் 30,000 ஏக்கர் வீதம் அம்மாநிலத்துக்குப் பொதுநிலம் வழங்கப்பட்டது. அதனை விற்ற பணத்தை முதலாக வைத்து, அதன் வட்டியைக் கொண்டு வேளாண்மையும் பொறித்தொழிலும் கற்பிக்குங் கல்லூரிகளை நடத்தல் வேண்டும் என்பது விதி. அதனால் உழவர், தொழிலாளர் ஆகியோரின் பிள்ளைகளும் குறைந்த செலவில் உயர்கல்வி பெற வழி பிறந்தது. அயோவா, கன்சாசு, இலினோய் ஆகிய மாநிலங்களின் கல்லூரிகளில் 1870 ஆம் ஆண்டுகளிலேயே பெண்களுக்கு மனையியல் வகுப்புக்கள் தொடங்கின.

எனினும், அந்நிலங்கள் உரிமையாளரற்ற வெறுநிலங்கள் அல்ல. அவை அந்நாட்டின் முதற்குடிகளிடமிருந்து உடன்படிக்கையாலும் வலிமையாலும் பெறப்பட்டவை. அவற்றுட் பலவற்றுக்குச் சொற்ப விலையே கொடுக்கப்பட்டது. சிலவற்றுக்கு அதுதானும் இல்லை. தென்மாநிலங்களிலோ கறுப்பின மாணவர்க்கு இக்கல்லூரிகளின் வாயில் பெரும்பாலும் அடைபட்டிருந்தது. 1890 இல் இயற்றப்பட்ட இரண்டாஞ் சட்டத்தின் பின்னரே அவர்க்குரிய கல்லூரிகள் பல இவ்வுதவியைப் பெற்றன. ஒருவர்க்கு மலிவாய்க் கிடைத்ததன் விலையை மற்றொருவர் செலுத்தினர்.

எலன் சுவாலோ றிச்சாட்சு அம்மையாரின் வாழ்விலும் இவ்வுண்மையை வேறொரு வகையிற் காணலாம். மசச்சூசெற்சுத் தொழினுட்பக் கல்லூரி 1870 இல் அவரைக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொண்டது. தம் வறுமைக்கு இரங்கிச் செய்த உதவி அதுவென அவர் எண்ணினார். ஆயின், பெண்ணொருத்தியைச் சேர்த்ததற்கு எவரேனும் மறுப்புக் கூறின், அவர் மாணவியே அல்லர் எனச் சொல்லுதற்கே கட்டணம் விலக்கப்பட்டது என்பதைப் பின்னரே அறிந்தார். அவ்வாறு பெற்ற கல்வியைக் கொண்டு 1873 இல் பட்டம் பெற்ற அவரே, உணவு, நீர், வீட்டுச் செலவு ஆகியவற்றை அறிவியன் முறையில் ஆராய வழிகாட்டினார்; 1908 இறுதியில் தோன்றிய அமெரிக்க மனையியற் சங்கத்தின் முதற் தலைவரும் ஆனார்.

இத்துறையைப் பொருளியலோடு இணைத்தவருள் முதன்மையானவர் ஹேசல் கேர்க். ஒகாயோ மாநிலத்தவரான அவர், பேராசிரியர் ஒருவரின் இல்லத்திற் குழந்தைகளைப் பராமரிக்கும் பணி செய்து தம் கல்லூரிச் செலவை ஈட்டினார். 1920 இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1923 இல் அவரது நுகர்வுக் கோட்பாட்டு நூல் வெளிவந்தது. அவர் மாணவியாகிய மார்கிறெற் றீட், அயோவா மாநிலக் கல்லூரியிற் கற்பித்த காலத்தில், 1934 இல், வீட்டு உற்பத்தியின் பொருளியலைப் பற்றிய நூலை வெளியிட்டார். கூலி கொடுத்துப் பிறரைக் கொண்டு செய்விக்கத்தக்க வீட்டுவேலை எதுவும் உற்பத்தியே என்பது அவர் வகுத்த அளவுகோல். தாயர் சமைப்பதும் பிள்ளை வளர்ப்பதும் விலையின்றி நிகழ்வதாற் பயனற்றவை ஆகா என்பதே இதன் கருத்து. இன்றும் நாட்டு வருமானக் கணக்கில் இவ்வுழைப்பின் பெரும்பகுதி சேர்க்கப்படுவதில்லை.

பொருளியற் பகுதிகளில் இடம் பெறுதற்கு அரிதாயிருந்த அக்காலத்திற் பெண்ணறிஞர் பலர்க்கு மனையியற் பகுதியே புகலிடமாயிற்று. ஆதலின் அது தாழ்ந்த துறையெனக் கருதப்பட்டது. பிற்காலத்திற் பல கல்லூரிகள் அப்பெயரையே கைவிட்டன. கோணெல் பல்கலைக்கழகத்தின் மனையியற் கல்லூரி 1969 இல் மனிதச் சூழலியற் கல்லூரி எனப் பெயர் மாறியது. பெயர் மாறினும் வினா மாறவில்லை. 1980 இல் அமெரிக்கப் பொருளியற் சங்கம் றீட் அம்மையாரைத் தன் சிறப்புறுப்பினராக ஏற்றது. அச்சிறப்பைப் பெற்ற முதற் பெண்மணி அவரே.

உயர்கல்வியை நாடும் மாணவர்க்கு இவ்வரலாறு உணர்த்துவது யாது? அந்நாட்டின் அரச பல்கலைக்கழகங்களில் அவ்வம் மாநிலத்தவர்க்குக் குறைந்த கட்டணமும் பிறர்க்கு உயர்ந்த கட்டணமும் விதித்தல் இன்றும் வழக்கு. ஆகவே, அறிவிப்பிற் காணுங் கட்டணம் ஒன்றே விலையன்று. உறையுள், உணவு, நூல்கள், கற்குங் காலத்தில் இழக்கும் ஊதியம், வீட்டாரின் உழைப்பு ஆகிய யாவும் விலையே. இவற்றையெல்லாங் கணக்கிட்டபின், பெறும் அறிவு எத்துணைக் காலம் பயன்தரும் என நோக்குதல் வேண்டும். மலிவெனத் தோன்றும் எதற்கும் விலை கொடுப்பவர் யாவர் என வினவக் கற்றவரே நுகர்வுப் பொருளியலின் முதற் பாடத்தைக் கற்றவராவர்.