சொல்லின் பூர்வீகம் – 7: முரண்டு பிடித்த ‘ஃபாதர்’

சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒருதாய் மக்கள் என்று 1786-ல் கல்கத்தாவில் நீதிபதி வில்லியம் ஜோன்ஸ் அறிவித்ததைப் போன வாரம் பார்த்தோம். ஆங்கிலமும் அதே குடும்பம்தான். ஆனால், ‘பிதா’ எப்படி ‘ஃபாதர்’ ஆகும்?

டென்மார்க்கின் மொழியறிஞர் ராஸ்க் தொட்டுக்காட்டிய வழியில் போய், 1822-ல் விதியை வகுத்துக் கொடுத்தார் யாக்கோப் கிரிம். தேவதைக் கதைகளைத் தொகுத்த சகோதரர்களில் மூத்தவர்தான். பழைய பகரம் ஆங்கிலக் கிளையில் ‘ஃப’ ஆகும்: பாதம் – ஃபுட், பஞ்ச – ஃபைவ், பிதா – ஃபாதர். தகரத்துக்கும் விதி உண்டு: அது உரசல் ஒலியாகும். ‘பிராதா’ என்று சொல்லிப் பாருங்கள். நாக்கு பல்லில் முட்டி, காற்று ஒரு கணம் அடைபடுகிறது. ‘ப்ரதர்’ என்று ஆங்கிலேயர் சொல்லும்போது அடைப்பு இல்லை; காற்று பல்லை உரசியபடி வருகிறது. விதி அப்படியே பொருந்துகிறது.

‘ஃபாதர்’ என்பதிலும் அதே உரசல்தானே, அதுவும் பொருந்துகிறதே என்று தோன்றும். அங்கேதான் ஏமாறுகிறோம். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலச் சுவடிகளில் அந்தச் சொல் ‘ஃபேடர்’. அம்மா ‘மோடர்’. இரண்டிலும் அழுத்தமான டகரம். சகோதரன் மட்டும் உரசல் ஒலியோடு ‘ப்ரோதர்’. இன்று நாம் கேட்கும் ‘ஃபாதர்’ பிற்காலத்து மாற்றம்.

ஒரே வீட்டுச் சொற்கள், ஒரே தகரம். சகோதரன் விதிக்குப் பணிந்தான். மாதாவும் பிதாவும் மீறினார்கள். ஏன்? ‘விதிவிலக்கு’ என்று சொல்லி ஐம்பது ஆண்டுகள் கடத்திவிட்டார்கள். என் பார்வையில் அது பதிலே அல்ல. காரணம் சொல்ல முடியாத விலக்கு ஒன்று இருந்தாலும், விதியையே சந்தேகிக்க வேண்டியதுதான்.

1870-களில் ஒரு நாள். கார்ல் வெர்னர் என்ற டென்மார்க் இளைஞர் பகல் தூக்கத்துக்காகப் படுக்கிறார். தூக்கம் வரட்டும் என்று ஃபிரான்ஸ் போப்பின் ஒப்பிலக்கணத்தைப் புரட்டுகிறார். ‘பிதா’வும் ‘பிராதா’வும் கண்ணில் படுகின்றன. இரண்டின் மேலும் சின்னச் சாய்கோடு, ஆனால் ஒரே இடத்தில் இல்லை! வேதம் ஓதும்போது குரல் எங்கே உயர வேண்டும் என்று காட்டும் குறி அது.

வெர்னருக்குத் தூக்கம் போயே போயிற்று.

வேத பாடம் தெரிந்த வாசகர்களுக்கு ஒரு வேலை: மாதா, பிதா, பிராதா மூன்றிலும் உதாத்தம், அதாவது அந்த உயர்ந்த குரல், எந்த எழுத்தில் விழுகிறது என்று பார்த்து வையுங்கள். அடுத்த வாரம் அங்கிருந்துதான் தொடங்கப் போகிறோம்.

(தொடரும்)