குறுந்தகடும் ஒரு சுவடியே

தஞ்சை மண்டலத்துப் பழைய நூல்கள் நம் கைக்கு வந்து சேர்ந்ததற்கு ஓலையின் உறுதியே காரணம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். காவிரிப் படுகையின் வெப்பத்திலும் ஈரத்திலும் ஓர் ஓலைச்சுவடி சில நூறாண்டுகளைக் கடப்பதே அரிது. செல்லும் பூச்சியும் அதற்குள் தம் வேலையை முடித்துவிடும். ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய பாடல்கள் இன்றும் இருக்கின்றன என்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் எவரோ ஒருவர் நைந்த ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிவைத்தார் என்பதே பொருள். படி எடுக்க ஆளில்லாமற்போன நூல்கள் அழிந்தன. பதினெட்டாம் பெருக்கன்று பழைய ஏடுகளை ஆற்றோடு விட்ட வழக்கத்தையும் நாம் படித்திருக்கிறோம். படி எடுத்தபின் விட்டவரும் உண்டு, எடுக்காமலே விட்டவரும் உண்டு. இழப்பு இரண்டாமவரால் நேர்ந்தது.

இந்த வரலாற்றை இங்கே நினைவூட்டக் காரணம் உண்டு. நம் வீட்டு அலமாரிகளில் அடுக்கிவைத்திருக்கும் விசிடிகளும் டிவிடிகளும் இன்று அந்த நைந்த ஏட்டின் நிலைக்கு வந்துவிட்டன. அவற்றை வன்தட்டுக்கு மாற்றிப் பெரிய திரையில் காண்பது பொழுதுபோக்குக்காரர்களின் வேலை என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். நம் பார்வையில் அது சுவடிப் பதிப்பின் தொடர்ச்சி. பதிப்பாசிரியருக்கு வேண்டிய ஒழுங்கும் கவனமும் இதற்கும் வேண்டும்.

1880ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னெல், அரண்மனை நூலகத்து வடமொழிச் சுவடிகளுக்குத் தாம் தொகுத்த வகைப்பட்டியலை அவ்வாண்டு இலண்டனில் வெளியிட்டார். சரபோசி மன்னர் (ஆட்சிக்காலம் 1798–1832) வளர்த்தெடுத்த அந்தச் சரசுவதி மகாலில் என்னென்ன இருக்கின்றன என்பது வெளியுலகுக்கு முறையாகத் தெரியவந்தது அப்பட்டியலால்தான். அதே 1880இல் உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். அங்கே முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணி ஏடுகளைத் தேடத் தொடங்கி, 1887இல் அச்சிட்டார். முதலில் பட்டியல், பிறகு படிகளைத் திரட்டுதல், ஒப்பிடுதல், பாடபேதங்களைக் குறித்தல், இறுதியில் புதிய ஊடகத்துக்கு மாற்றுதல் என்னும் வரிசையை இந்த மண்ணில் நடந்த அவ்விரு வேலைகளும் நமக்குக் கற்பிக்கின்றன. அந்த வரிசை குறுந்தகட்டுக்கும் பொருந்தும்.

திரைப்படம் நம் பக்கத்துக்கு வந்த கதையும் ஒருவகையில் இழப்பின் கதையே. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் படச்சுருள்களையும் வாங்கிக் கூடாரம் போட்டுப் படம் காட்டத் தொடங்கினார். 1931இல் முதல் தமிழ்ப் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ வந்தது. அதன் படி ஒன்றுகூட இன்று இல்லை. அக்காலத்து நைட்ரேட் சுருள்கள் எளிதில் தீப்பற்றுபவை. தானாகவே நைந்து பொடியாகுபவை. அவற்றிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுத்து விற்கலாம் என்பதனால் எடைக்குப் போனவையும் பல. புணேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் 1964இல்தான் தோன்றியது. ‘காளிதாஸ்’ வந்து அப்போது 33 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த இடைவெளியில் நம் பகுதியினர் ஆக்கிய படங்கள் கொஞ்சமல்ல. உ.வே.சா.வின் சொந்த ஊராகிய உத்தமதானபுரம் பாபநாசத்தை அடுத்தது. அதே பாபநாசத்தில் பிறந்தவர் இயக்குநர் கே.சுப்ரமண்யம். மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்துக் கல்கியின் கதையை அவர் படமாக்கினார். 1939இல் வெளிவந்த அந்தத் ‘தியாகபூமி’யை ஆங்கில அரசு தடைசெய்தது. அப்படம் அழியாமல் புணேக் காப்பகத்தில் இருப்பது நம் நற்பேறு. எல்லாப் படங்களுக்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை.

படம் வீட்டுக்குள் நுழைந்தது பிற்காலத்தில். சென்னையில் தொலைக்காட்சி 1975இல் தொடங்கியது. ஆனால் வேதாரண்யம், நாகப்பட்டினம் கடற்கரையோரத்தாருக்கு 1982இல் தொடங்கிய இலங்கை ரூபவாகினியே கிட்டத்து நிலையமாக விளங்கிற்று. உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டிப் பார்த்தனர். பிறகு டெக்கும் வீடியோ கேசட்டும் வாடகைக்கு வந்தன. கோயில் திருவிழா இரவிலும் கலியாண வீட்டிலும் விடியவிடிய மூன்று படம் ஓடும். 1993இல் வரையறுக்கப்பட்ட விசிடி, அவ்வாடகைப் படத்தை நாமே வாங்கி வைத்துக்கொள்ளத்தக்க பொருளாக்கிற்று. அடுத்து டிவிடி வந்தது. 2007இல் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியபோது, பழைய படங்களின் தொகுப்பு நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டியது. சரபோசி மன்னர் ஏடுகளைத் தொகுத்ததுபோல் பேருந்து நிலையக் கடைகளில் படம் தொகுத்த ஆசிரியர்களும் எழுத்தர்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

அந்தக் காலம் முடிந்துவிட்டது. 2018இல் அந்நிறுவனம் கலைக்கப்படும் நிலைக்கு வந்தது. புதிய மடிக்கணினிகளில் தகடு செருகும் இடமே இல்லை. அதே 2018 நவம்பரில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது, கூரையிழந்த வீடுகளில் நனைந்தவற்றுள் நூல்களும் தகடுகளும் அடங்கும். ஆலையில் அச்சான தகடு தண்ணீர் பட்டதும் கெட்டுவிடாது. உடனே கழுவி உலர்த்தினால் பிழைக்கும். மேற்புறத்து மெல்லிய பூச்சில் கீறல் இருந்தால் ஈரம் உள்ளே சென்று அலுமினியப் படலத்தை அரிக்கும். வீட்டிலோ ஸ்டுடியோவிலோ எழுதப்பட்ட தகடு இன்னும் மென்மையானது. அதில் செய்தியைத் தாங்குவது ஒரு சாயப்படலம். வெயிலும் வெப்பமும் அதனை வெளிறச் செய்யும்.

இனி செய்முறைக்கு வருவோம். முதல் வேலை பர்னெல் செய்த வேலை, பட்டியல். படத்தின் பெயர், ஆண்டு, வெளியிட்ட நிறுவனம், தகடுகளின் எண்ணிக்கை, ஓடும் நேரம், கீறல் நிலை ஆகியவற்றை ஒரு தாளிலோ கணினியிலோ எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே படம் இரண்டு நிறுவனங்களின் தகடுகளாக இருந்தால் இரண்டையும் தனித்தனியே குறிக்க வேண்டும். ஒன்றில் இல்லாத பாடல் மற்றொன்றில் இருக்கக்கூடும்.

அடுத்தது படி எடுத்தல். தகட்டை மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கக் கூடாது. விசிடியை முதலில் எடுத்துக்கொள்வது நல்லது. சாதாரணத் தரவுத் தகட்டின் ஒவ்வொரு பகுதியிலும் 2048 பைட்டுச் செய்தியும், பிழை நேர்ந்தால் சரிசெய்ய உதவும் கூடுதல் குறிகளும் இருக்கும். விசிடியோ அக்குறிகளை நீக்கி அவ்விடத்தையும் படத்துக்கே தந்து 2324 பைட்டு வைக்கிறது. 74 நிமிடப் படத்தை ஒரு தகட்டில் அடைப்பதற்கு இது உதவியது. ஆனால் தரவுத் தகடு தாங்கும் கீறலை விசிடி தாங்காது. டிவிடியைப் பொறுத்தவரை, அதிலுள்ள படத்தை மீண்டும் சுருக்காமல் உள்ளது உள்ளபடியே கோப்பாக்குவது முறை. ஒரு முறை சுருக்கினால் இழந்தது திரும்பாது. ஏட்டைச் சுருக்கி எழுதிவிட்டு மூலத்தை ஆற்றில் விட்டவனின் செயலுக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. இடத்துக்கும் பஞ்சமில்லை. ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட், 400 தகடுகள் உள்ள தொகுப்பு என்று கொண்டாலும் 1880 ஜிகாபைட்டுதான். இரண்டு டெராபைட் வன்தட்டு ஒன்றில் அது அடங்கும்.

பெரிய திரையில் பார்க்கும்போதுதான் பாடபேதங்கள் வெளிப்படுகின்றன. சுருதியை முதலில் சொல்ல வேண்டும். திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்களாக எடுக்கப்படுவது. நம் நாட்டில் வழங்கிய பால் முறைத் தொலைக்காட்சிக்கு 25 வேண்டும். பல மாற்றங்களில் படத்தைச் சற்று வேகமாக ஓட்டி இதனைச் சரிசெய்தார்கள். மூன்று மணி நேரப் படத்தில் ஏழு நிமிடம் குறைந்துவிடும். சுருதியைத் தனியே திருத்தாவிட்டால் அதுவும் ஏறும். அந்த ஏற்றம் அரைக்கட்டையில் ஏறத்தாழ 10இல் 7 பங்கு. வேறு ஊரில் இதனைப் பொருட்படுத்தாமல் விடலாம். நாகசுவரத்தின் தாயகமாகிய தஞ்சையில் விடலாகாது. திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை, கூர்மையாக ஒலித்த திமிரிக்கு மாற்றாக நீண்ட பாரி நாகசுவரத்தை நிலைநிறுத்திச் சுருதியைக் கீழே கொண்டுவந்தவர். அந்த மரபைக் கதைப்பொருளாகக் கொண்ட ‘தில்லானா மோகனாம்பா’ளில் (1968) ஒலிப்பது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு. வேகம் கூட்டிய தகட்டில் நாம் கேட்பது அவர்கள் வாசித்த சுருதி ஆகாது. கணினியில் ஓட்டும்போது வேகத்தை 24க்கு இறக்கினால் சுருதி தன் இடத்துக்கு மீளும். மூலக்கோப்பைத் தொடாமல் இதனைச் செய்யலாம் என்பது இன்னும் சிறப்பு.

இரண்டாவது பேதம் சட்டகத்தின் அளவு. 1950களுக்கு முற்பட்ட படங்கள் ஏறக்குறைய நான்குக்கு மூன்று என்ற அளவில் அமைந்தவை. அவற்றை இன்றைய அகன்ற திரை முழுவதும் நிரம்பும்படி இழுத்தால் முகங்கள் பருத்துவிடும். இருபுறமும் கறுப்பு இடம் விட்டுப் பார்ப்பதே நேர்மை. இதற்கு மறுதலை ‘ராஜராஜசோழன்’ (1973). தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் நம் தஞ்சையை ஆண்ட மன்னனைப் பற்றியது. அத்தகைய அகலப் படங்கள் பழைய தொலைக்காட்சிக்காக இருபுறமும் வெட்டப்படுவதுண்டு. மன்னர் பேசுவார், எதிரே நிற்பவர் காணப்படமாட்டார். தகட்டின் நிலை எதுவாயினும் அதனைப் பட்டியலில் குறித்துவிட வேண்டும்.

ஒலியிலும் ஒன்று உண்டு. பழைய படங்களின் ஒலி ஒற்றைத் தடத்தில் அமைந்தது. ஹோம் தியேட்டரின் ஐந்து ஒலிபெருக்கிகளிலும் அதனைப் பரப்பும் ஆசை எழுவது இயல்பு. நடு ஒலிபெருக்கியில் மட்டும் விட்டால் பாட்டின் சொற்கள் தெளியும். ‘கர்ணன்’ (1964) புதுப்பிக்கப்பட்டு 2012இல் மீண்டும் திரைக்கு வந்தபோது மக்கள் கொண்டாடினார்கள். அதனைப் புதிய பதிப்பாக வைத்துக்கொள்வோம்; பழைய தகட்டையும் தள்ளாமல் வைத்திருப்போம். உரையாசிரியர் வந்துவிட்டார் என்பதற்காக மூலத்தை யாரும் எறிவதில்லை.

சுவடியின் இறுதியில் எழுதியவர் பெயர், நாள், யாருக்காக எழுதியது என்பன இருக்கும். வடமொழிச் சுவடிகளில் 32 அசை கொண்ட கிரந்த அளவால் நூலின் நீளத்தைக் கணக்கிட்டும் எழுதுவார்கள். படி எடுத்தவருக்குக் கூலி தரவும், ஏதும் விடுபட்டதா என்று அறியவும் அக்கணக்கு உதவியது. கணினியில் ஒவ்வொரு கோப்புக்கும் கிடைக்கும் சரிபார்ப்பு எண் அதன் இன்றைய வடிவம். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறும். கோப்புடன் அந்த எண்ணையும், படி எடுத்தவர் பெயரையும் நாளையும் சேர்த்து வைப்போமாக. படிகள் மூன்றேனும் இருக்கட்டும். அவற்றுள் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். நாகையில் ஒன்றும் கும்பகோணத்தில் ஒன்றுமாக இருந்தால் ஒரே புயல் இரண்டையும் கொண்டுபோகாது.

சட்டத்தையும் மறக்கலாகாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் படத்துக்கு உரிமை தருகிறது. தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுதலுக்கு அதில் இடமுண்டு. உரிமையை மீறும் நோக்கத்துடன் தகட்டின் பூட்டைத் திறப்பதை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் குற்றமாக்கியது. நாம் வாங்கிய தகட்டை நம் வீட்டில் காண்பதற்குப் படி எடுப்பது வேறு. அதனை ஊருக்கெல்லாம் விநியோகிப்பது வேறு. இரண்டாவதற்கு நாம் வாதாடவில்லை.

எதிலிருந்து தொடங்குவது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ‘தியாகபூமி’க்குப் புணேயில் ஒரு வீடு இருக்கிறது. நம் வீட்டுக் கலியாணத் தகட்டுக்கு உலகில் வேறு வீடு இல்லை. கடந்த 25 ஆண்டுகளில் தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்துக் கலியாணங்களில் எடுத்த தகடுகளை எண்ணிப் பாருங்கள். முகூர்த்தத்துக்கு முன் ஒரு மணி நேரம் ராகம் வாசித்த நாகசுவரக்காரர்கள் அவற்றில் இருக்கிறார்கள். அவர்களுள் பலர் எந்த இசைத்தட்டிலும் பதிவாகாதவர்கள். சிலர் மறைந்தும் விட்டார்கள். அந்த வாசிப்பு இருப்பது வெளிறிக்கொண்டிருக்கும் ஒரு சாயப்படலத்தில் மட்டும்தான். ஆகவே கடையில் வாங்கிய படங்கள் காத்திருக்கட்டும். மஞ்சள் குங்குமக் கறையோடு அலமாரியின் அடியில் கிடக்கும் அந்தத் தகட்டை முதலில் எடுங்கள். வாசித்தவர் யார், எந்த ஊர் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு எழுதிவையுங்கள்; தகட்டின் மீது அந்தப் பெயர் இராது.