சிண்ட்ரெல்லா: ஓர் இரவுக்கென்று எழுதிய இசை நாடகம்

ரிச்சர்ட் ராட்ஜர்ஸும் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைனும் சேர்ந்து தொலைக்காட்சிக்கென்றே எழுதிய இசை நாடகம் ஒன்றே ஒன்றுதான். அதுதான் ‘சிண்ட்ரெல்லா’. 1957 மார்ச் 31, ஞாயிறு இரவு, அமெரிக்காவின் சி.பி.எஸ். நிறுவனம் அதை நேரலையாக, வண்ணத்தில் ஒளிபரப்பியது.

இதன் கதை போட்டியில் தொடங்குகிறது. 1955-இல் ‘பீட்டர் பேன்’ இசை நாடகத்தை ஒளிபரப்பிப் போட்டி நிறுவனமான என்.பி.சி. சுமார் 6.5 கோடிப் பேரைப் பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டது. அடுத்து அந்த நிறுவனம் அணுகியது இந்த இரட்டையரைத்தான். ஆனால் சி.பி.எஸ்.ஸில் இருந்த ரிச்சர்ட் லூயினிடம் ராட்ஜர்ஸ் யோசனை கேட்கப்போக, ஜூலி ஆண்ட்ரூஸுக்குப் பொருத்தமான நிகழ்ச்சி ஒன்றை அங்கேயும் தேடிக்கொண்டிருப்பது தெரிந்தது. வாய்ப்பு கைமாறிவிட்டது. ஜூலிக்கு அப்போது வயது 21. பிராட்வேயில் ‘மை ஃபேர் லேடி’யின் நாயகி அவர்தான்.

ஹாமர்ஸ்டைன் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோவின் கதையைப் பெரிதாக மாற்றவில்லை. மாற்றாந்தாயையும் அவள் மகள்களையும் மட்டும் வில்லிகளாக விடாமல் சிரிப்புக்குரியவர்களாக்கினார். அடுப்படி நாற்காலியில் தனியே உட்கார்ந்து வேட்டைக்காரியாகவும் இளவரசியாகவும் தன்னைக் கற்பனை செய்துகொள்ளும் பெண்ணுக்கு ‘இன் மை ஓன் லிட்டில் கார்னர்’ பாட்டு. அரங்கின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாட வேண்டியதில்லை. கேமரா அருகில் வந்துவிடும். அந்தச் சலுகையை இவ்வளவு நன்றாகப் பயன்படுத்திய பாட்டு இந்த நாடகத்தில் வேறில்லை என்பேன்.

நியூயார்க்கில் பிராட்வேயும் 81-ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் இருந்த வண்ண ஸ்டுடியோவில்தான் ஒளிபரப்பு. இடம் போதவில்லை. அரண்மனை, படிக்கட்டு, அடுப்படி என்று செட்டுகள்; இவற்றுக்கிடையே ஆளுயர வண்ணக் கேமராக்கள், நடிகர்கள், நடனக் குழு. இசைக் குழுவைத் தனியாக ஒரு சின்ன அறைக்குள் அடைத்தார்கள். தவறினால் திருத்த வழியில்லை. அதனால் முழு ஒத்திகை இரண்டு நடத்தி, இரண்டையும் படச்சுருளில் பதிந்து போட்டுப் பார்த்தார்கள். பிராட்வேக்கு வருமுன் நாடகங்கள் வெளியூரில் வெள்ளோட்டம் காணும் வழக்கப்படி, அவற்றுக்கு ‘நியூ ஹேவன்’, ‘பாஸ்டன்’ என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள்.

அன்று பார்த்தவர்கள் 10 கோடிக்கும் மேல் என்பது கணக்கு. அந்நாளைய அமெரிக்க மக்கள்தொகையில் பாதிக்கும் அதிகம். வண்ணப் பெட்டி வைத்திருந்த வீடுகள் சொற்பம் என்பதால் பெரும்பாலோர் பார்த்தது கறுப்பு வெள்ளையில்தான். நமக்கு மிஞ்சியிருப்பதும் அதுவே. வண்ணத்தில் பதியும் வீடியோ நாடா மறு ஆண்டுதான் வந்தது. அதுவரை டி.வி. திரைக்கு எதிரே பிலிம் கேமராவை வைத்துச் சுடுவதுதான் வழி, கினெஸ்கோப் என்பார்கள். கொஞ்சம் மங்கல்தான். என்றாலும் ஜூலியின் குரலுக்கு அது ஒரு குறையே இல்லை. அந்தச் சுருள் 2004-இல் பி.பி.எஸ். வழியாக மீண்டும் வீடுகளுக்கு வந்தது.

மறுஒளிபரப்புக்கு ஏற்ற நல்ல பதிவு இல்லாததால்தான் நாடகத்தையே மறுபடி தயாரிக்க வேண்டியிருந்தது. 1965 பிப்ரவரியில் லெஸ்லி ஆன் வாரனை நாயகியாக்கி, புதிய திரைக்கதையுடன், இம்முறை வண்ண வீடியோ நாடாவில் பதிந்தார்கள். ஹாமர்ஸ்டைன் 1960-இலேயே காலமாகிவிட்டார். 1974 வரை பல முறை மறுஒளிபரப்பானதால் ஒரு தலைமுறைக்குச் சிண்ட்ரெல்லா என்றால் லெஸ்லிதான். என் கணக்கில் மூன்று தொலைக்காட்சித் தயாரிப்புகளில் மெலிந்தது இது. செட்டெல்லாம் அட்டை என்று பளிச்சென்று தெரியும்.

1997 நவம்பர் 2 அன்று ஏ.பி.சி.யில் வந்த டிஸ்னி தயாரிப்பு வேறு ரகம். தானே நாயகியாக நடிக்க நினைத்திருந்த விட்னி ஹியூஸ்டன், ஆண்டுகள் ஓடிவிடவே தேவதையாகி, நாயகி வேடத்தைப் பாடகி பிராண்டிக்குக் கொடுத்தார். கறுப்பினத்து அரசி ஊப்பி கோல்ட்பர்க், வெள்ளைக்கார அரசர் விக்டர் கார்பர், அவர்கள் மகனாகப் பிலிப்பைன்ஸில் பிறந்த பாலோ மான்டல்பன். இது எப்படி என்று கதையில் ஒருவரும் கேட்பதில்லை, யாரும் விளக்குவதுமில்லை. அந்தத் துணிச்சல் அழகு. சுமார் 6 கோடிப் பேர் பார்த்தார்கள்.

லண்டன் மேடைக்கு 1958-லேயே போய்விட்ட நாடகம், பிராட்வேக்கு வர 2013 ஆயிற்று. டக்ளஸ் கார்ட்டர் பீன் வசனத்தைப் புதிதாக எழுதினார். நாயகி லாரா ஆஸ்னெஸ். அங்கே ‘கட்’ சொல்லிக் கேமராவைத் திருப்ப முடியாது. ஆகவே கந்தல் உடை பார்வையாளர் கண்முன்னே, நாயகி ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் வெள்ளை கவுனாக மாறும்படி வில்லியம் ஐவி லாங் தைத்துக் கொடுத்தார். இசை நாடகத்துக்கான சிறந்த உடை வடிவமைப்பு டோனி விருது அந்த ஆண்டு அவருக்குத்தான்.