சிவகாசிக்கு வந்த நாற்காலி

1922ஆம் ஆண்டை ஒட்டி, சிவகாசியிலிருந்து உறவுக்கார இளைஞர்கள் இருவர் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். ஒருவர் அய்ய நாடார், இன்னொருவர் சண்முக நாடார். மழையை நம்பிக் கிடந்த கரிசல் மண்ணில் பிழைக்க வேறு வழி தேடிப் போனவர்கள், தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு சில மாதங்களில் ஊர் திரும்பினார்கள். அதே 1922இல், அதே கல்கத்தாவில், பார்சிபாகன் சந்தில் இருந்த தன் வீட்டில் கிரீந்திரசேகர் போஸ் என்ற மருத்துவர் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைத் தொடங்கினார். ஊரார் இருவருக்கும் அந்தச் சந்து தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரிந்திருந்தாலும் அங்கே அவர்களுக்கு என்ன வேலை?

தீக்குச்சி சில மாதத்தில் சிவகாசிக்கு வந்துவிட்டது. மனத்தில் இருப்பதைப் பேசவைக்கும் இருக்கை வந்து சேர ஏறக்குறைய எண்பது ஆண்டு பிடித்தது. கிளம்பும்போது அது கட்டிலாக இருந்தது.

வியன்னாவில், 1890 வாக்கில், மேடம் பென்வெனிஸ்டி என்ற நோயாளி தன் மருத்துவர் சிக்மண்ட் பிராய்டுக்கு நன்றியாகக் கொடுத்த கட்டில் அது. நம்மூர்ப் பெரிய வீடுகளில் கூடத்து ஓரமாகக் கிடக்குமே திவான், அதற்கு ஒன்றுவிட்ட உறவு. மேலே பாரசீகக் கம்பளம், தலைமாட்டில் தலையணைக் குவியல். நோயாளி படுத்துக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொல்ல வேண்டும். பிராய்டு தலைமாட்டுக்குப் பின்னால், கண்ணில் படாமல் உட்கார்ந்திருப்பார். கனவும் வாய்தவறிய பேச்சும் மறதியும் அடிமனத்துக்கு வழி காட்டும் என்பது கொள்கை. ஆனால் நாளைக்கு எட்டு மணி நேரம் இன்னொருவர் தன்னை உற்றுப் பார்ப்பதைத் தாங்க முடியவில்லை என்றும் அவரே 1913இல் எழுதி வைத்திருக்கிறார். கொள்கையில் பாதி கூச்சம் என்று சொன்னால் பிராய்டியர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

1931இல், பிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்குக் கல்கத்தாக் கழகத்திலிருந்து தந்தத்தால் ஆன விஷ்ணு சிலை போனது. பிராய்டின் மேசையில் அதற்கு இடம் கிடைத்தது. 1938இல் நாஜிகளுக்குத் தப்பி அவர் லண்டனுக்குப் போனபோது கட்டிலும் கடல் தாண்டியது. ஹாம்ஸ்டெட்டில் அவர் கடைசியாக வாழ்ந்த வீட்டில், இப்போது அருங்காட்சியகமாகிவிட்ட அறையில், இன்றும் கிடக்கிறது. விஷ்ணு மேற்கே போனாரே தவிர, கட்டில் விந்தியம் தாண்டிச் சாத்தூர்ப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வாரத்தில் ஐந்தாறு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், ஆண்டுக்கணக்கில் படுத்துப் பேசுவது செய்த உருப்படியை எண்ணிக் கூலி வாங்குகிறவருக்கு ஆகிற காரியமா?

கட்டில் நாற்காலியான கதையில் நமக்கு நெருக்கமான இடம் அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். 1942 நவம்பர் 28ஆம் தேதி இரவு, கோகனட் குரோவ் என்ற கேளிக்கை விடுதியில் தீப்பிடித்து 490 பேருக்கு மேல் இறந்தார்கள். வாசலில் இருந்த சுழல்கதவு கூட்ட நெரிசலில் அடைபட்டது. மற்ற கதவுகளில் சில பூட்டிக் கிடந்தன, சில உள்பக்கமாகத் திறப்பவை. பிழைத்தவர்களில் ஒரு பகுதியினர் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் கிடந்தார்கள். அங்கே எரிக் லிண்டெமன் என்ற மனநல மருத்துவர் அவர்களோடும், செத்தவர்களின் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசினார். தொண்டை அடைப்பது, நீண்ட பெருமூச்சு, செத்தவர் முகம் கண்ணைவிட்டு அகலாதது, காரணமில்லாத எரிச்சல், 'நான் ஒழுங்காக இருந்திருந்தால்' என்ற குற்ற உணர்வு எனத் துக்கத்தின் அடையாளங்களை 1944இல் ஒரு கட்டுரையாக எழுதினார். துக்கம் நோயில்லை, செய்து முடிக்க வேண்டிய வேலை; அதற்கு எட்டுப் பத்து அமர்வுகள் துணையிருந்தால் பெரும்பாலும் போதும் என்றார். ஆண்டுக்கணக்கு வாரக்கணக்காகச் சுருங்கியது. பிராய்டோடு முறைத்துக்கொண்டு பிரிந்த ஆல்பிரட் அட்லரின் மகள் அலெக்சாண்ட்ராவும் அதே தீயில் தப்பியவர்களை ஆராய்ந்தார். பயமும் தூக்கமின்மையும் காயம் ஆறிய பிறகும் விடாததை அவர் பதிவுசெய்தார். லிண்டெமன் பேசிய மருத்துவமனையிலும் கட்டில் இருந்தது. ஆனால் அது தீக்காயக் கட்டில். அதன் பக்கத்தில் நாற்காலி போடப்பட்டது.

பாஸ்டன் கதையைப் படிக்கிற சிவகாசிக்காரருக்கு 2012 செப்டம்பர் 5 நினைவுக்கு வராமல் இருக்காது. முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து அன்று ஏறக்குறைய நாற்பது பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள்கூட இல்லை. முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடிவந்த சுற்று வட்டார ஊர்க்காரர்கள்.

ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், கற்பனைதான். பக்கத்து அறை வெடித்தபோது தப்பியவர். கூடவே வேலைக்குப் போன மதினி தப்பவில்லை. ஆறு மாதமாகியும் குக்கர் விசில் அடித்தால் உடம்பு தூக்கிப் போடுகிறது. ராத்திரி எங்கிருந்தோ கந்தக வாசம் வருகிறது, வீட்டில் வேறு யாருக்கும் வரவில்லை. "பயந்திருக்கா, திருநூறு போட்டுட்டு வாங்க" என்று மாமியார் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு அனுப்பினார். போய்வந்த அன்று தூங்கினார், மறுநாள் இல்லை. இந்தப் பெண்ணை ஒவ்வொரு நாற்காலியிலும் உட்காரவைத்துப் பார்க்கலாம்.

முதல் நாற்காலி கார்ல் ரோஜர்ஸ் போட்டது. பாஸ்டன் தீ நடந்த அதே 1942இல்தான் அவருடைய முதல் பெரிய நூல் வந்தது. வந்தவரை நோயாளி என்று சொல்லக் கூடாது, எதிரெதிரே சமமாக உட்கார வேண்டும், புத்தி சொல்லக் கூடாது, தீர்ப்பளிக்காமல் முழுக் காதையும் கொடுத்தால் அவர் தன் வழியைத் தானே காண்பார் என்பது அவர் கட்சி. நம் பெண் ஐந்து நிமிடம் பார்ப்பார். "நீங்களே சொல்லுங்கக்கா, நான் என்ன செய்யணும்?" என்று கேட்டுவிடுவார். இந்தக் கேள்வியை 1964லேயே பெங்களூரில் சூர்யா, ஜெயராம் என்ற இருவர் விவாதித்துவிட்டார்கள்: இந்திய நோயாளி கேட்பது நேரடி ஆதரவும் வழிகாட்டலும், ஒதுங்கியிருந்து கேட்கும் மௌனத்தை அல்ல என்று. சரிதான். ஆனாலும் ரோஜர்ஸை நான் அப்படியே தள்ள மாட்டேன். "தப்பிச்சிட்டேல்ல, அப்புறம் என்ன?" என்று ஊரே வாயடைத்த ஒருத்திக்கு, "அன்னைக்கு லீவு போடுறேன்னா. நான்தான் வாங்க மதினின்னு இழுத்துட்டுப் போனேன்" என்ற வாக்கியத்தை முதல்முறை வெளியே சொல்ல, குறுக்கே பேசாத ஒருவர் தேவை.

இரண்டாவது, தென்னாப்பிரிக்காவின் ஜோசப் வோல்ப்பி போட்ட சாய்வு நாற்காலி. உலகப்போரில் மிரண்டுபோன சிப்பாய்களை மருந்து கொடுத்துப் பேசவைத்தும் குணமாகாததைக் கண்டு அலுத்தவர். 1958இல் வெளியான நூலில் அவர் சொன்ன வழி எளிமையானது. உடம்பைத் தளர்த்தப் பழக்கு. பயத்தைப் படிப்படியாக அடுக்கு. கீழ்ப்படியிலிருந்து நிதானமாக ஏறு. நம் பெண்ணின் ஏணியில் முதல் படி தீப்பெட்டி உரசும் சத்தம், அடுத்தது குக்கர், பிறகு பொட்டு வெடி, தெருவில் சரவெடி, ஆலைக்குப் போகும் வேன், கடைசியில் அந்த அறை. கீழே நாலைந்து படிக்கு இது அருமையாக வேலை செய்யும். மேல்படியில்தான் சிக்கல். நாய்க்குப் பயந்தவர் நாயருகே போய், அது கடிக்கவில்லை என்று கற்றுக்கொள்வார். இங்கே அந்த அறை கடிக்கும். இந்த ஊரில் மருந்து என்றால் நோய்க்குக் கொடுப்பது மட்டுமல்ல, வெடிக்குள் செலுத்துவதும்தான். அதைத் தேய்க்காதே, இரும்பைக் கொண்டுவராதே, ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காராதே என்று போர்மேன் நாள்தோறும் சொல்வதெல்லாம் பயத்தைப் பழக்கும் பாடம். அந்தப் பயம் தொழிலின் பாதி. அதை முழுசாக ஆற்றிவிடும் சிகிச்சை ஆளைக் கொன்றுவிடும்.

ஆரோன் பெக்கின் நாற்காலிக்கு முன்னால் ஒரு மேசையும் நோட்டும் இருக்கும். பிலடெல்பியாவில் பிராய்டு வழியில் பயின்று, பிறகு கட்டிலை விட்டு விலகியவர் அவர். மனம் தானாக ஓடவிடும் எண்ணங்களைப் பிடித்து எழுது, அதற்கு என்ன ஆதாரம் என்று கேள் என்றார். 'திரும்ப வெடிக்கும்' என்று நம் பெண் எழுதுவார். ஆதாரம்? முதலிப்பட்டி 2012, அச்சங்குளம் 2021, ரெங்கபாளையம் 2023. காலண்டரே அவருக்குச் சாட்சி. இதைத் தவறான எண்ணம் என்று திருத்தப் போகிற ஆலோசகர், பாடத்தைப் படித்து ஊரைப் படிக்காதவர். ஆனால் நோட்டில் இரண்டாவது வரி ஒன்றிருக்கும்: 'மதினியைக் கொன்றது நான்தான்.' அங்கே பெக்கின் கேள்வி கூர்மையானது. கலவையைச் செய்தது யார்? அறையில் அத்தனை பேரை உட்காரவைத்தது யார்? உராய்வு வரப்போவதை நீ அறிவாயா? முதல் வரியை அப்படியே விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொள்ளத் தெரிந்தவர் கையில், இந்த ஊருக்கு எல்லாவற்றையும்விட உதவும் முறை இதுதான் என்பது என் எண்ணம்.

பிரிட்ஸ் பெர்ல்ஸின் காலி நாற்காலி தனி ரகம். மொரினோ என்பவரின் நாடகச் சிகிச்சை முறையிலிருந்து வந்தது. செத்தவரோ பிரிந்தவரோ எதிரே உட்கார்ந்திருப்பதாக எண்ணி நேரே பேச வேண்டும். கலிபோர்னியாவில் 1960களில் இது பெரும் புதுமை. நம் பெண்களுக்குப் புதுசா? ஒப்பாரியில் செத்தவரை 'அவர்' என்று யார் பாடுகிறார்கள்? நீ போனாயே, என்னிடம் சொல்லவில்லையே என்று முகத்துக்கு நேரே கேட்பதுதான் ஒப்பாரி. கோபம், குற்றச்சாட்டு, கெஞ்சல், கணக்குத் தீர்த்தல் எல்லாம் அதில் உண்டு. வெடிவிபத்தில் இந்த வசதியும் பறிபோகிறது. உடல் அடையாளம் தெரியாமல் கருகி, துணியில் பொதிந்து, திறக்கக் கூடாது என்ற சொல்லோடு வருகிறது. முகமில்லாத உடலைப் பார்த்து எப்படி 'நீ' என்பது? அப்படி அழாமல் விட்ட பெண்ணுக்குப் பெர்ல்ஸின் நாற்காலி, தாமதமாகக் கிடைத்த ஒப்பாரி.

எந்த நாற்காலி சிறந்தது என்ற சண்டைக்குக் கணக்கும் போட்டாயிற்று. 1977இல் மேரி லீ ஸ்மித், ஜீன் கிளாஸ் இருவரும் 375 ஆய்வுகளைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்தார்கள். சிகிச்சை பெற்றவர்கள் பெறாதவர்களைவிடத் தேறினார்கள். முறைகளுக்குள் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. சண்டை இன்னும் ஓயவில்லை. ஒன்றில் மட்டும் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். விபத்து நடந்த கையோடு ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் கொட்டவைப்பது உதவவில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்தது. பிணவறை வாசலில் மைக்கை நீட்டி "அந்த நேரத்துல என்ன பார்த்தீங்க?" என்று கேட்பவர்களுக்கும் இதை யாராவது சொல்லலாம். முதல் நாளில் வேண்டியது தண்ணீர், பக்கத்தில் ஓர் ஆள், எந்த மருத்துவமனையில் யார் இருக்கிறார்கள் என்ற சரியான தகவல்.

நாற்காலி நம்மூர் அரசு மருத்துவமனைகளுக்குள் முதலில் வந்தது மனநலத்தின் பெயரால் அல்ல, எச்.ஐ.வி.யின் பெயரால். நம்பிக்கை மையம் என்ற பலகை, சின்ன அறை, பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் பேச ஒருவர். தாலுகா ஊர்கள் பலவற்றில், பேசுவதற்கென்றே அரசு சம்பளத்தில் ஆள் இருக்கலாம் என்பது அந்த அறையில்தான் தெரிந்தது. "கவுன்சிலர் வந்திருக்காங்க" என்றால் "எந்த வார்டு?" என்று கேட்ட காலம் அது. ஆற்றுப்படுத்துநர் என்ற தமிழ்ச் சொல்லும் கூடவே வந்தது. நல்ல சொல். பழைய ஆற்றுப்படைகளில், பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் வறிய பாணனுக்கு வழி சொல்கிறான். சொல்கிறவன் வள்ளல் அல்ல. அந்த வழியில் பசியோடு நடந்து போனவன்.

இந்தச் சொல்லின் பொருளை அண்மைக் காலம் வேறிடங்களில் மெய்ப்பித்தது. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபண்டா 2006இல் தொடங்கிய திட்டத்தில், மருத்துவமனை முற்றத்து மர பெஞ்சில் பாட்டிமார்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். கோவாவில் விக்ரம் படேலும் தோழர்களும், மனநலப் படிப்பு இல்லாத உள்ளூர் ஆட்களைப் பயிற்றி ஆறு முதல் எட்டு அமர்வில் மனச்சோர்வைக் குறைக்க முடியும் என்று 2017இல் காட்டினார்கள். அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் 1950களிலேயே கூடாரம் அடித்து, நோயாளியோடு குடும்பத்தையும் தங்கவைத்தவர். இரண்டு நாற்காலி போதாது, துணைக்கு வந்த ஆளுக்கும் ஒன்று வேண்டும் என்பது அவர் கண்டது.

தமிழகத்தில் மாவட்ட மனநலத் திட்டம் 1990களின் பின்பாதியில் திருச்சியில் தொடங்கியது. சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டத்துக்குப் பக்கத்தில், ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிய பிறகுதான் நாடே திரும்பிப் பார்த்தது. விருதுநகருக்கு 2022 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மனநல உதவிக்கான 14416 என்ற தொலைபேசி எண் வந்தது. அதில் பேச நாற்காலியே வேண்டாம். ஆலை வேனை விட்டு இறங்கி, வீட்டுக்குள் நுழையுமுன் தெருமுனையில் நின்றபடி பேசிவிடலாம்.

நம் பெண் போனில் பேசவில்லை, நேரே வந்தார். அறை சின்னது. உள்சுவரை ஒட்டிய நாற்காலியைக் காட்டினார்கள். அவர் உட்காராமல் நின்றார். பட்டாசு அறைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாசல் உண்டு, கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். வெடித்தால் எந்தப் பக்கமும் ஓடலாம். இந்த அறைக்கு ஒரே கதவு, அதுவும் அவர் முதுகுக்குப் பின்னால். ஆற்றுப்படுத்துநர் சற்று நேரம் பார்த்துவிட்டு எழுந்தார். கதவை ஒருக்களித்துத் திறந்து வைத்தார். தன் நாற்காலியை உள்சுவர்ப் பக்கம் இழுத்துக்கொண்டு, வாசல் தெரிகிற மாதிரி மற்றதைத் திருப்பிப் போட்டார். "இப்ப உக்காருங்கக்கா."